லோச்சபோகா: ஓராசிரியர் பள்ளி ஒன்றின் வரலாறு



கல்விச்சாலை என்றவுடன் உயர்ந்த மாடங்களும் அகன்ற மண்டபங்களும் நம் நினைவில் எழுகின்றன. இப்பாடத்தில் நாம் ஆராயப் புகுவது அத்தகைய கட்டடமன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியில் அலபாமா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே லோச்சபோகா என்னும் சிற்றூரில் 1913-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கட்டி முடிக்கப்பட்ட ஒரு சிறு பள்ளியைப் பற்றியதே இப்பாடம். அதற்கு ஆசிரியர் ஒருவரே. கட்டச் செலவானது 942 டாலர் 50 சென்ட். அது எழுந்தது கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காக. அதனைப் பின்பற்றி இருபது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளிகள் தோன்றின. இஃது எவ்வாறு நிகழ்ந்தது, இதற்கு விலை கொடுத்தவர் யாவர், விளைந்த நன்மை எவ்வளவு, இதிலிருந்த குறை யாது என்பவற்றை வரிசையாகக் காண்போம்.

1. எழுத்துக் கற்பித்தல் குற்றமாயிருந்த காலம்

1831-ஆம் ஆண்டு வர்ஜீனியா மாநிலத்தில் நாட் டர்னர் என்னும் அடிமை ஒருவர் கிளர்ச்சி செய்தார். அவர் எழுத்தறிந்தவர். அக்கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், தென் மாநிலங்களின் நில உடைமையாளர்கள் துப்பாக்கியைக் காட்டிலும் எழுத்துக்கே மிகுதியாக அஞ்சினார்கள். 1832-இல் அலபாமா ஒரு சட்டம் செய்தது. அடிமையாயினும், அடிமையல்லாத கறுப்பராயினும், அவருக்கு எழுத்துக் கூட்டவோ படிக்கவோ எழுதவோ கற்பிக்க முயல்பவர் 250 டாலருக்குக் குறையாமலும் 500 டாலருக்கு மேற்படாமலும் அபராதம் செலுத்த வேண்டும் என்பது அச்சட்டம்.

இங்கே சற்று நின்று ஆராய்தல் வேண்டும். கறுப்பின மக்கள் இயல்பிலேயே அறிவு குன்றியவர்கள் என்பதே அடிமை முறையை ஆதரித்தவர்களின் வாதம். அஃது உண்மையாயின் சட்டம் எதற்கு? மாட்டுக்கு எழுத்துக் கற்பிக்கலாகாது என்று எந்த நாட்டிலும் எந்த அரசனும் சட்டம் செய்ததில்லை. கற்க இயலாதவனைத் தடுக்க வேலி வேண்டுவதில்லை. வேலி போட்டதனாலேயே, இவர்கள் கற்க வல்லவர்கள் என்பதை வேலி போட்டவர்கள் அறிந்திருந்தார்கள் என்பது விளங்கும். தடைச் சட்டமே தடுக்கப்பட்டவரின் ஆற்றலுக்குச் சான்றாயிற்று.

1865-இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் விலங்கு வேறு உருவில் திரும்பியது. 1891-இல் அலபாமா அரசு, பள்ளிகளுக்குரிய பொதுப் பணத்தைத் தம் விருப்பப்படி பங்கிடும் உரிமையை உள்ளூர் அதிகாரிகளுக்கு அளித்தது. 1901-இல் இயற்றப்பட்ட மாநில அரசியலமைப்பு, கறுப்பின மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்குரிமையைப் பறித்தது. வாக்கில்லாதவனுடைய பிள்ளைக்குப் பள்ளி கட்ட எந்த அதிகாரி விரைவான்? வரி அவர்களிடமும் வாங்கப்பட்டது. பணமோ வெள்ளையர் பள்ளிகளுக்கே பெரிதும் போயிற்று. கறுப்பினக் குழந்தைகள் தேவாலயத்தின் ஒரு மூலையிலும், பாழடைந்த குடிசையிலும், ஆண்டிற்குச் சில மாதங்கள் மட்டுமே கற்றார்கள்.

2. உப்புப் பீப்பாயின் மீது எழுதப்பட்ட எண்

இந்நிலையை மாற்ற முயன்றவர்களுள் ஒருவர் புக்கர் டி. வாஷிங்டன். இவர் 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகவே பிறந்தவர். விடுதலைக்குப் பின் இவர்தம் குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் உள்ள மால்டன் என்னும் ஊரில் குடியேறியது. சிற்றப்பன் முறையான வளர்ப்புத் தந்தை உப்பு காய்ச்சும் உலையில் கூலி வேலை செய்தார். சிறுவனும் உடன் வேலை செய்தான். உப்பு நிரப்பிய பீப்பாய்களின் மீது ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிய எண்ணைக் குறிப்பது வழக்கம். அத்தந்தைக்கு உரிய எண் 18. ஆசிரியர் இல்லை, ஏடு இல்லை. அந்த 18 என்னும் எண்ணைப் பார்த்துப் பார்த்து எழுதப் பழகியதே அச்சிறுவனின் முதற் பாடமாயிற்று. தொழிலிடத்திலேயே கல்வி தொடங்கக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

பின்னர் அவர் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்து, 1872-இல் ஹாம்ப்டன் கல்வி நிலையத்தை நாடி நெடுந்தொலைவு பயணம் செய்து, அதில் ஒரு பகுதியைக் கால்நடையாகவே கடந்து சென்று சேர்ந்தார். 1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அலபாமாவில் டஸ்கிகீ என்னும் ஊரில் அவரே ஒரு கல்வி நிலையத்தைத் தொடங்கினார். அஃது ஓர் ஒழுகும் கட்டடம். மழை பெய்யும்போது மாணவர் ஒருவர் குடை பிடிக்க, அதன் கீழ் நின்று பாடங் கேட்டதாக அவரே எழுதியுள்ளார். மாணவர்களே செங்கல் அறுத்துச் சுவரெழுப்பி அந்நிலையத்தைப் பெரிதாக்கினார்கள்.

எனினும் பருத்திக் காட்டில் வாழும் பிள்ளைகள் அனைவரும் டஸ்கிகீக்கு வர இயலாது. பள்ளியே அவர்களிடம் செல்ல வேண்டும். இவ்வெண்ணத்திற்கு ஜூலியஸ் ரோசன்வால்ட் என்பவர் துணையானார். இவர் ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் 1862-இல் பிறந்தவர்; சிகாகோ நகரில் சியர்ஸ் ரோபக் என்னும் பெரிய வாணிக நிறுவனத்தின் தலைவர். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தமது ஐம்பதாம் பிறந்த நாளையொட்டி அவர் அளித்த நன்கொடைகளுள் 25,000 டாலர் டஸ்கிகீக்கும் அதனைப் போன்ற நிலையங்களுக்கும் உரியதாயிருந்தது. அதில் ஒரு சிறு தொகை மிஞ்சியது. அம்மீதியைக் கொண்டு டஸ்கிகீயைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டிப் பார்க்கலாம் என்று வாஷிங்டன் கேட்டார், ரோசன்வால்ட் இசைந்தார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஊராரும் தம் பங்கை இடுதல் வேண்டும். இடாத ஊருக்குப் பணம் இல்லை.

3. லோச்சபோகாவின் வரவுக் கணக்கு

அந்த ஆறனுள் முதலில் முடிந்தது லோச்சபோகா பள்ளி. அதன் கணக்கு நமக்குக் கிடைத்துள்ளது. அதனை வரிவரியாகப் படித்தல் நன்று.

ரோசன்வால்ட் அளித்தது: 300 டாலர்.
ஊரைச் சார்ந்த வெள்ளையர் அளித்தது: 360 டாலர்.
கறுப்பின மக்கள் ரொக்கமாகத் திரட்டியது: 150 டாலர்.
கறுப்பின மக்கள் உடலுழைப்பாகத் தந்தது: 132 டாலர் 50 சென்ட்.
ஆக மொத்தம்: 942 டாலர் 50 சென்ட்.

இக்கணக்கில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது: அந்நாட்டின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர் தந்தது 300; பிறர் நிலத்தில் வாரத்திற்கு உழுது, அறுவடையானதும் கடனுக்கே விளைச்சலைக் கொடுத்து வாழ்ந்த ஏழை மக்கள் நிறைந்த சமூகம் தந்தது 282 டாலர் 50 சென்ட். இரண்டிற்கும் வேறுபாடு வெறும் பதினேழரை டாலர். செல்வர் தமது செல்வத்தில் ஒரு துளியைத் தந்தார். ஏழைகளோ உண்ணும் உணவில் ஒரு பிடியைத் தந்தார்கள்.

இரண்டாவது செய்தி இதனினும் முக்கியமானது. உடலுழைப்பு பணமாக மதிக்கப்பட்டுக் கணக்கில் ஏறியது. மரம் சுமந்தவனும், ஆணி அடித்தவனும், கூரை வேய்ந்தவனும் நன்கொடையாளர் வரிசையில் இடம் பெற்றார்கள். தலைமுறை தலைமுறையாகக் கூலியின்றி வாங்கப்பட்ட உழைப்பு, இவ்வேட்டில் முதன்முறையாகத் தனக்குரிய விலையுடன் எழுதப்பட்டது. பிறர் கட்டிக் கொடுத்த பள்ளி பிறருடையதே. தன் வியர்வை கணக்கில் ஏறிய பள்ளி தன்னுடையது. அதன் கூரை ஒழுகினால் அவனுக்குத் தூக்கம் வராது.

1914-இல் நூறு பள்ளிகளுக்கென ரோசன்வால்ட் 30,000 டாலர் அளித்தார். 1915-ஆம் ஆண்டு நவம்பரில் வாஷிங்டன் மறைந்தார், பணி நிற்கவில்லை. 1917-இல் இதற்கென ரோசன்வால்ட் நிதி நிறுவப்பட்டது. 1932-இல் கட்டடப் பணி நிறுத்தப்பட்டபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகளும், அவற்றைச் சார்ந்து 217 ஆசிரியர் இல்லங்களும், 163 தொழிற்கூடங்களும் எழுந்திருந்தன. மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். இதில் ரோசன்வால்ட் நிதி தந்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தந்தது சுமார் 47 லட்சம். வெள்ளையர் நன்கொடை சுமார் 12 லட்சம். எஞ்சியது பொது வரிப் பணம். பள்ளிகளுக்கு வழங்குவது செல்வரின் பெயர்; ஆனால் நிதியைக் காட்டிலும் மிகுதியாகத் தந்தவர்கள் பெயர் தெரியாத உழவர்களும், சலவைத் தொழில் செய்த பெண்களுமே.

4. ஓரறைக்குள் நடைபெற்ற கல்வி

ஓராசிரியர் பள்ளி எவ்வாறு இயங்கிற்று? ஒரே அறையில் ஆறு வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பிள்ளையும் அமர்வார்கள். ஆசிரியர் ஒரு வகுப்பை முன்னே அழைத்துப் பாடம் ஒப்பிக்கச் செய்வார்; அவ்வேளையில் மற்றவர்கள் எழுதுவார்கள், கணக்கிடுவார்கள். மூத்த மாணவர் இளைய மாணவருக்குக் கற்பிப்பார். ஒரு வகுப்பிற்கு நடக்கும் பாடம் எல்லார் காதிலும் விழுமாதலால், கூர்மையுள்ள சிறுபிள்ளை மேல்வகுப்புப் பாடத்தையும் கேட்டே கற்றுக்கொள்ளும். அறையில் ஓர் அடுப்பு இருக்கும். குளிர்காலத்தில் பிள்ளைகளே விறகு கொண்டுவருவார்கள். பருத்தி எடுக்கும் பருவத்திலும் விதைக்கும் பருவத்திலும் இருக்கைகள் வெறுமையாகும். ஆகவே நிதி உதவி பெறும் பள்ளி ஆண்டில் ஐந்து மாதமேனும் நடைபெறுதல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. ஐந்து மாதம் என்பதே அக்குழந்தைகளுக்கு ஒரு முன்னேற்றமாயிருந்தது என்றால், முன்னிருந்த நிலையை நாம் உய்த்துணரலாம்.

கட்டட அமைப்பிலும் ஆழ்ந்த சிந்தனை இருந்தது. டஸ்கிகீயின் கட்டடக் கலைஞரான ராபர்ட் ஆர். டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர். அவரும் டஸ்கிகீ நிலையத்தாரும் வகுத்த வரைபடங்கள் 1915-இல் நூலாக வெளிவந்தன. பின்னர் ரோசன்வால்ட் நிதியும் தானே வரைபடங்களை வெளியிட்டது. சிற்றூர்களில் மின்சாரம் இல்லை. எனவே சூரியனே விளக்கு. உயரமான சன்னல்களைத் தனித்தனியே சிதற விடாமல் ஒரே வரிசையாக நெருக்கி வைத்தார்கள். அவை கிழக்கையோ மேற்கையோ நோக்கும்படி கட்டடத்தைத் திருப்பி அமைத்தார்கள். ஒளி குழந்தையின் இடப்புறத்திலிருந்து விழ வேண்டும். அப்போதுதான் எழுதும் வலக்கையின் நிழல் ஏட்டின் மீது படியாது. விளையாடவும் தோட்டமிடவும் இரண்டு ஏக்கர் நிலமேனும் வேண்டும் என்றும் விதித்தார்கள். முன்னாளில் எவருடைய கண்களுக்கு எழுத்து மறைக்கப்பட்டதோ, அவர்களுடைய பிள்ளையின் ஏட்டில் நிழல் விழாதிருக்கக் கணக்கிட்டுச் சன்னல் வைத்தார்கள். மதிப்பு என்பது இதுவே.

5. முப்பத்தெட்டு டாலர்

ஊர்ப் பங்கைத் திரட்டிய முறைகள் பல. சில ஊர்களில் ஒரு துண்டு நிலத்தை ஒதுக்கி, அதில் விளையும் பருத்தி முழுவதும் பள்ளிக்கே என்றார்கள். சிலர் கோழியும் பன்றியும் வளர்த்து விற்றார்கள். பெண்கள் உணவுப் பொட்டலம் செய்து ஏலம் விட்டார்கள்.

அலபாமாவில் போலிஜீ என்னும் ஊரில் நடந்த கூட்டமொன்றைப் பற்றி, பள்ளிப் பணிக்காக ஊர் ஊராகச் சென்ற அதிகாரி ஒருவர் குறிப்பு எழுதி வைத்துள்ளார். பருத்தி விளைச்சல் பொய்த்திருந்த வேளை அது. அங்கே அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒரு முதியவர் எழுந்து வந்தார். அழுக்கேறிய பழைய பை ஒன்றை எடுத்து மேசையின் மீது கொட்டினார். சிறு நாணயங்களாகச் சேர்ந்திருந்த தொகை 38 டாலர். அதுவே அவர் வாழ்நாளில் சேமித்த அனைத்தும். தம் பேரப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எல்லாவற்றையும் தருவதாக அவர் கூறினார்.

அவர் தமக்காகத் தரவில்லை. தம் மக்களுக்காகவும் தரவில்லை. தாம் கண்ணால் காண இயலாத தலைமுறைக்காகத் தந்தார். புகழையோ நன்றியையோ எதிர்பாராத கொடை இதுவன்றோ?

6. இதிலிருந்த குறை

நிற்க. நற்செயலைப் புகழ்ந்துவிட்டுப் போதல் ஆராய்ச்சியாகாது. இத்திட்டத்தின் மீது எழுந்த குறைகளையும் நேர்மையாக நோக்குதல் வேண்டும்.

முதற் குறை: கறுப்பின மக்கள் ஒரே பள்ளிக்கு இருமுறை விலை கொடுத்தார்கள். வரியாக ஒரு முறை, நன்கொடையாக மறுமுறை. வெள்ளையர் குழந்தைகளுக்கு அரசு கட்டித் தந்ததை இவர்கள் பிடியரிசி சேர்ப்பதுபோல் சேர்த்துக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டி முடித்ததும் அப்பள்ளி பொதுக் கல்வி நிருவாகத்தின் சொத்தாக எழுதிக் கொடுக்கப்பட்டது. இதனால் அந்நிருவாகம் பள்ளியைத் தொடர்ந்து நடத்தும் கடமைக்கு உள்ளாயிற்று என்பது நன்மை. அந்நிருவாகத்தில் இவர்களுக்குக் குரலில்லை என்பது தீமை.

இரண்டாம் குறை: பிரிவினையை எதிர்க்காமல் அதற்குள்ளேயே இத்திட்டம் நடந்தது. வாஷிங்டன் 1895-இல் அட்லாண்டா நகரில் நிகழ்த்திய உரையில், அரசியல் உரிமைக்கும் சமூக சமத்துவத்திற்கும் போராடுவதைவிடத் தொழிலும் உழைப்பும் முதன்மை என்று பேசினார். இதனை டியூ பாய்ஸ் என்னும் பேரறிஞர் 1903-இல் வெளியிட்ட நூலில் வன்மையாக மறுத்தார். உரிமையைக் கேளாமல் இருப்பவனுக்கு உழைப்பின் பலனும் நிலைக்காது என்பது அவர் கருத்தின் சாரம்.

டியூ பாய்ஸ் ஓரறைப் பள்ளியை ஏட்டில் மட்டும் அறிந்தவரல்லர். மாணவராயிருந்த காலத்தில், 1886-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், டென்னசி மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் தாமே ஆசிரியராகப் பணிபுரிந்தார். முன்னர் தானியம் சேமித்து வைத்த மரக்குடிலே பள்ளி. ஆசிரியர் அமர்ந்த நாற்காலியும் இரவல். ஒவ்வொரு மாலையும் வீட்டுக்காரியிடம் திருப்பித் தர வேண்டும். கற்க வேண்டும் என்று ஏங்கிய இளம்பெண் ஒருத்தி அங்கே இருந்தாள். பத்தாண்டு கழித்து அவர் மீண்டும் சென்றபோது, குடும்பச் சுமையைத் தாங்கி உழைத்துத் தேய்ந்த அப்பெண் இறந்துவிட்டிருந்தாள். பழைய குடில் போய்ப் பலகைக் கட்டடம் வந்திருந்தது. கட்டடம் முன்னேறியது, ஆனால் அவளுக்கு அது பயன்படவில்லை. பள்ளி மட்டும் போதாது, பள்ளிக்கு வெளியே வாழ்வும் மாற வேண்டும் என்பதை டியூ பாய்ஸ் அங்கேயே கற்றார்.

இவ்விருவருள் எவர் சொன்னது சரி? பின்வந்த வரலாறு இருவருக்கும் பங்களிக்கிறது. 1928-இல் தென் மாநிலச் சிற்றூர்களில் கற்ற கறுப்பினக் குழந்தைகளுள் மூவரில் ஒருவர் ரோசன்வால்ட் பள்ளியிலேயே கற்றார். அவ்வறைகளில் எழுத்தறிந்தவர்களின் தலைமுறையிலிருந்துதான் உரிமைப் போராட்டத்தின் வீரர்கள் எழுந்தார்கள். எழுத்தாளர் மாயா ஏஞ்சலோ அத்தகைய பள்ளியில் பயின்றவர். பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராகி 2020-இல் மறைந்த ஜான் லூயிஸ், அலபாமாவில் உழவர் குடியில் பிறந்து அத்தகைய சிறு பள்ளியில் கற்றவர். வயல் வேலைக்கு நிறுத்தப்பட்ட நாட்களில் ஒளிந்திருந்து, பள்ளி வண்டி வந்தவுடன் ஓடி ஏறிக்கொண்டதை அவரே கூறியிருக்கிறார். உரிமை கேட்கும் குரலுக்குக் கல்வி வேண்டும். கல்வி பயன்பட உரிமை வேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்று நில்லாது.

1954-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள், நிறத்தால் பிரிக்கப்பட்ட பொதுப் பள்ளிகள் இயல்பிலேயே சமமற்றவை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் இப்பள்ளிகள் படிப்படியாக மூடப்பட்டன. அவற்றின் நோக்கம் நிறைவேறியதாலேயே அவற்றின் தேவை முடிந்தது. பல இடிந்து போயின. 2002-இல் இவை அழியும் நிலையிலுள்ள வரலாற்றுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன; அதன் பின் சில ஊர்களில் பழைய மாணவர்களே பணம் சேர்த்துப் புதுப்பித்துள்ளார்கள்.

7. நமக்கு இதிலுள்ள தொடர்பு

லோச்சபோகாவில் பள்ளி எழுந்த அதே 1913-ஆம் ஆண்டில், பரோடா மன்னரின் உதவித்தொகை பெற்று நியூயார்க் நகரில் இறங்கினார் ஓர் இந்திய மாணவர். பள்ளியில் தனியே சாக்குத் துணியின் மீது அமர்த்தப்பட்டவர். தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை மறுக்கப்பட்டவர். அவரே நம் பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர். 1946-இல் அவர் டியூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்களின் நிலைக்கும் இந்தியாவில் தீண்டாமைக்கு உட்பட்டோர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைக் குறிப்பிட்டார். டியூ பாய்ஸும் மறுமொழி எழுதினார். 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தவரும் பாபாசாகேபே. கல்வியையும் உரிமையையும் அவர் இரண்டாகப் பிரித்துப் பார்த்தாரல்லர். கல்லூரியும் கட்டினார், அரசியலமைப்பும் வரைந்தார்.

ஆகவே, அன்பர்களே, நம் பகுதியில் மாலைப் பள்ளி ஒன்று தொடங்க நினைக்கும்போது, பெருஞ்செல்வர் ஒருவர் வரட்டும் என்று காத்திருக்க வேண்டுவதில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், எல்லார் பெயரும் எழுதப்பட்ட ஒரு கணக்கேடு ஆகிய மூன்றும் தொடக்கத்திற்குப் போதும். அதே வேளையில், அரசு செய்ய வேண்டியதை நாமே செய்துவிட்டோம் என்று வாளாவிருத்தலும் ஆகாது. நமது வரிப்பணத்திற்குரிய பள்ளியை நாம் கேட்டுப் பெறுதல் வேண்டும். கையால் கட்டுவதும் வாயால் கேட்பதும் ஒருங்கே நடைபெறட்டும்.

குழுவாகப் படிப்போர் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. எழுத்துக் கற்பிப்பதைத் தடுத்த 1832-ஆம் ஆண்டுச் சட்டம், தடுக்கப்பட்ட மக்களைப் பற்றி எதனை மெய்ப்பிக்கிறது?

2. லோச்சபோகாவின் கணக்கில் உடலுழைப்பு தனியே எழுதப்பட்டதன் பயன் யாது? நம் சங்கக் கணக்கில் அங்ஙனம் எழுதும் வழக்கம் உண்டா?

3. வாஷிங்டன், டியூ பாய்ஸ் ஆகிய இருவர் கருத்துகளையும் ஒப்பிடுக. ஒருவர் கருத்தை மட்டும் கொண்டால் விளையும் இழப்பு யாது?

4. போலிஜீ முதியவர் தந்த 38 டாலருக்கு ஈடாக, இன்னும் பிறவாத தலைமுறைக்கென நாம் ஒவ்வொருவரும் தரக்கூடியது எது? இவ்வினாவிற்குரிய விடையை ஏட்டில் எழுதாது செயலில் காட்டுக.